அலறலுக்கு 12 வருஷம் முன்னாடி: முங்க் சின்ன வயசுல வரைஞ்ச நிலக்காட்சிகளை எப்படிப் பாக்கறது

ஒரு சின்னப் படம். புல்லு, மரம், தள்ளி ஒரு மேடு, மேல வெளிறின வானம். கீழ "எட்வர்ட் முங்க், மாரிடாலன், 1881"ன்னு போட்டிருக்கும். இதை ஷேர் பண்ற இடத்துல எல்லாம் அடியில ஒரே சண்டை. ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு வாயைப் பிளந்து நிக்குமே ஒரு உருவம், வாட்ஸ்அப்ல எமோஜியா கூட இருக்கே, அந்த "அலறல்" வரைஞ்ச ஆளா இவரு, இல்ல அதே பேர்ல வேற யாராவதா, இல்ல எவனோ ஏஐல பண்ணி விட்டுட்டானான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

அதே ஆள்தான், நார்வே ஓவியர் முங்க். மாரிடாலன்ங்கறது அந்த நாட்டுத் தலைநகருக்கு வடக்க இருக்கற ஒரு பள்ளத்தாக்கு. அப்போ அவருக்கு வயசு 17. ஆனா "ஆமா அவர்தான்"னு சொல்லி முடிச்சுட்டா பாதிக் கேள்வி அப்படியே நிக்கும், இவ்ளோ அடக்கமா பச்சையும் பழுப்புமா வரைஞ்ச பையன் பன்னெண்டு வருஷத்துல எப்படி அலறலோட அந்த ரத்தச் சிவப்பு வானத்துக்குப் போனாரு? அதுக்கு ஆரம்பத்துலேர்ந்து வரணும்.

இன்னொண்ணு, பேரு முங்க். இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைப் பாத்துட்டு சாக்லேட் பேரு மாதிரி மஞ்ச்னு சொல்றோம், நார்வேல யாருக்கும் புரியாது.

## முதல்ல ஊரும் ஆளும்

முங்க் பிறந்தது 1863 டிசம்பர் 12, லோத்தன்ங்கற கிராமத்துப் பக்கம். அப்பா கிறிஸ்டியன் முங்க் ராணுவ டாக்டர். அடுத்த வருஷமே குடும்பம் தலைநகருக்கு வந்துடுச்சு, அந்த ஊருக்கு அப்போ பேரு கிறிஸ்டியானியா, இன்னைக்கு ஓஸ்லோ (இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கங்க, கீழ வேலை இருக்கு). 1868ல அம்மா டிபில போயிட்டாங்க, 1877ல அக்கா சோஃபியும் அதே டிபில, அவளுக்கு 15 வயசு. அம்மாவோட தங்கச்சி, அதாவது சித்தி காரென், வீட்டுக்கு வந்து புள்ளைங்களை வளத்தாங்க. பாசி, காஞ்ச இலை எல்லாம் ஒட்டிச் சின்னச் சின்னக் காட்சிப் படங்கள் செய்யறது இந்தச் சித்திக்குக் கை வந்த வேலை. பையன் படம் வரையறதைத் தடுக்காம ஊக்கம் கொடுத்ததும் அவங்கதான்.

பையனுக்கும் உடம்பு சரியில்ல, குளிர்காலம் முழுக்க ஸ்கூலுக்குப் போகாம வீட்ல கிடப்பான், கிடந்து வரைவான். ஜன்னல்ல என்ன தெரியுதோ அது. அவங்க இருந்தது க்ரூனர்லொக்காங்கற கிழக்குப் பக்கத்து ஏரியா, பக்கத்துலயே ஆக்கர்செல்வா ஆறு ஓடும், ஆத்தோரம் வரிசையா மில்லுங்க, ஆலைங்க. வசதியான ஏரியா கிடையாது, டாக்டர் குடும்பம்னாலும் கையில காசு புரளல. தெருப் பேரு ஃபோஸ்வையன், அருவித் தெருன்னு அர்த்தம்.

1879ல அப்பா ஆசைப்படி இன்ஜினியரிங் படிக்க டெக்னிக்கல் காலேஜ்ல சேந்தாரு. (அப்பா டாக்டர், பையன் இன்ஜினியர், இந்தக் கதை நமக்குத் தெரியாததா.) அடுத்த வருஷம் நவம்பர்ல டைரில எழுதறாரு, இனிமே நான் ஓவியர் ஆகறதுதான்னு. காலேஜை விட்டாச்சு. 1881ல ராயல் ட்ராயிங் ஸ்கூல். மாரிடாலன் படம் இந்த வருஷத்தோடது, அதாவது முறையான ட்ரெய்னிங் இப்பதான் ஆரம்பிச்சிருக்கு, கையில பிரஷ் பிடிச்சுப் பெருசா நாளாகல.

## நாலு வார்த்தை தெரிஞ்சா போதும்

1. லேண்ட்ஸ்கேப், தமிழ்ல நிலக்காட்சி. இடம்தான் ஹீரோ. ஆள் இருந்தாலும் ஓரத்துல எறும்பு மாதிரி இருப்பான்.

2. ஆயில் ஸ்கெட்ச். எண்ணெய் வண்ணத்துல சின்ன சைஸ்ல வேகமா போடற படம். பெரிய படத்துக்கு ஒத்திகையாவும் இருக்கும், சும்மா கைப்பழக்கத்துக்காகவும் இருக்கும். இதை முடிஞ்ச ஓவியம் மாதிரி எடை போட்டா தப்பா போயிடும், ரஃப் நோட்டைப் பாத்து கையெழுத்து சரியில்லைன்னு சொல்ற மாதிரி.

3. ப்ளைன் ஏர். வெளியில, அந்த இடத்துலயே உக்காந்து வரையறது. 1841ல பெயின்ட் அடைக்கற தகர ட்யூப் வந்துச்சு, ஜான் காஃப் ராண்ட்ங்கற அமெரிக்க ஓவியர் கண்டுபிடிச்சது. அதுக்கு முன்னாடி கலரை அரைச்சுக் குழைச்சு பன்னியோட மூத்திரப்பைல கட்டி எடுத்துட்டுப் போகணும், குத்திட்டா ஒழுகும், காஞ்சா போச்சு. ட்யூப் வந்தப்புறம் ஒரு பொட்டியைத் தூக்கிட்டு எங்க வேணா போகலாம், 17 வயசுப் பையன் கூட.

4. நேச்சுரலிசம். கண்ணுக்கு எப்படித் தெரியுதோ அப்படி, அலங்காரம் பண்ணாம, கதை கட்டாம. 1880கள்ல நார்வேல இளவட்டம் பூரா இதைத்தான் பேசிட்டு இருந்துச்சு.

## அந்தக் காலத்து நார்வேல லேண்ட்ஸ்கேப்னா என்ன

இது தெரியாம மாரிடாலன் படத்தைப் பாத்தா சப்புன்னு இருக்கும், தெரிஞ்சா அந்தச் சப்புலதான் விஷயம் இருக்கு.

நார்வே நிலக்காட்சிக்குத் தாத்தா மாதிரி ஒருத்தர், யொஹான் கிறிஸ்டியன் டால், 1788ல பெர்கன்ல பிறந்தவரு. 1818லேர்ந்து ஜெர்மனில ட்ரெஸ்டன்லதான் வாசம், அங்கேர்ந்துகிட்டே நார்வே மலையையும் அருவியையும் புயல்ல வளையற பிர்ச் மரத்தையும் வரைஞ்சாரு. அடுத்த தலைமுறை ஹான்ஸ் கூடே, அவர் படிச்சதும் பாடம் எடுத்ததும் ஜெர்மனிதான், டுசல்டார்ஃப், அப்புறம் கார்ல்ஸ்ரூ, பெர்லின். 1848ல அவரும் டீடமாண்ட்ங்கற ஓவியரும் சேந்து ஹார்டாங்கர் ஃபியோர்ட்ல (ஃபியோர்ட்னா மலைக்கு நடுவுல நீளமா உள்ள வர்ற கடல்) கல்யாண ஊர்வலம் படகுல வர்ற மாதிரி ஒரு படம் போட்டாங்க, நார்வேக்காரங்க வீட்டு மனசுல அது காலண்டர் படம் மாதிரி பதிஞ்சு போச்சு.

நார்வே அப்போ தனி நாடாவும் முழுசா இல்ல, ஸ்வீடன் ராஜா கீழ கூட்டாட்சி, அது 1905லதான் முடிஞ்சது. அதனால மலை, ஃபியோர்ட், பனி எல்லாமே "இது எங்க நாடு பாத்துக்கோ"ன்னு சொல்ற கொடி மாதிரி. பெரிய கேன்வாஸ், பெரிய மலை, ஸ்டூடியோல உக்காந்து மாசக்கணக்குல மெருகேத்தினது, அதுவும் வெளிநாட்டு ஸ்டூடியோல.

முங்க்குக்குக் கொஞ்சம் மூத்த செட் இதை எதுத்துச்சு. எரிக் வெரன்ஷோல்ட், கிறிஸ்டியன் க்ரோக், ஃப்ரிட்ஸ் தாவ்லோ, மூணு பேரும் வெளிநாட்டுல கத்துக்கிட்டவங்க. ஆர்ட் சொசைட்டில ஓவியரே இல்லாதவங்க உக்காந்து எது நல்ல படம்னு தீர்ப்பு சொல்றாங்களேன்னு சண்டை போட்டு, 1882ல தாங்களே ஒரு இலையுதிர்கால எக்சிபிஷன் ஆரம்பிச்சாங்க. அது இன்னைக்கும் வருஷா வருஷம் நடக்குது. அவங்க பேச்சு சிம்பிள்: ஊர்ல இரு, உன் கண் முன்னாடி இருக்கறதை வரை.

17 வயசுப் பையன் அதைத்தான் பண்ணான். ஃபியோர்ட் வேணாம், வைக்கிங் வேணாம், வீட்லேர்ந்து நடந்து போற தூரத்துல என்ன இருக்கு? ஆத்தைத் தாண்டி மேட்டுல ஏறினா காம்லே ஆக்கர் சர்ச், 12ஆம் நூற்றாண்டுக் கல் கட்டடம். அதை 1880, 81ல மறுபடி மறுபடி வரைஞ்சிருக்காரு. 1882ல ஒரு தோட்டமும் சிவப்பு வீடும். நடுவுல மாரிடாலன்.

## மாரிடாலன்ல அப்படி என்ன இருக்கு

பெருசா ஒண்ணும் இல்ல, அதான் அழகு. ஊருக்கு வடக்க ஒரு பள்ளத்தாக்கு, நடுவுல மாரிடால்ஸ்வான்னெட்னு ஒரு ஏரி, சுத்தி வயல், காடு, இடிஞ்சு போன ஒரு பழைய மார்கரெட்டா சர்ச். ஓஸ்லோ குடிக்கற தண்ணில பெரும்பங்கு இந்த ஏரிதான், அதனால ஏரில குளிக்கவும் விடமாட்டாங்க, சுத்தி இஷ்டத்துக்கு வீடு கட்டவும் விடமாட்டாங்க. புண்ணியமா போச்சு, ஊர் இவ்ளோ வளந்தும் அந்தப் பள்ளத்தாக்கு இன்னும் பள்ளத்தாக்காவே இருக்கு.

மேப்பை எடுத்துப் பாத்தா இன்னொண்ணு தெரியும். ஆக்கர்செல்வா ஆறு கிளம்பறதே இந்த ஏரிலேர்ந்துதான். அங்க கிளம்பி எட்டு கிலோமீட்டர் சொச்சம் சரிஞ்சு ஓடி, வழில மில்லு சக்கரம் எல்லாம் சுத்தி விட்டுட்டு, முங்க் வீட்டுப் பக்கமா போகுது. ஆலைச் சத்தமும் புகையுமா இருந்த ஆத்தைப் பிடிச்சு எதிர்த்திசைல நடந்தா இந்த அமைதி வரும். பையன் கலர்ப் பொட்டியோட இந்த வழியாத்தான் நடந்தான்னு எழுதி வச்ச ஆதாரத்தை நான் காட்ட முடியாது, ஆனா ஆறுதான் சுலபமான வழி.

இன்னொரு கஷ்டமும் உண்டு, வெளிச்சம். இந்த ஊர் கிட்டத்தட்ட 60 டிகிரி வடக்கு. ஜூன்ல பகல் 19 மணி நேரம், டிசம்பர்ல வெறும் 6. வெளியில உக்காந்து ஆயில்ல வரையணும்னா வருஷத்துல அஞ்சு மாசம் கிடைக்கும். மத்த நேரம் ஜன்னல்தான்.

## சின்ன அட்டைல என்ன நடக்குது

ஸ்க்ரீன்ல எல்லாப் படமும் ஒரே சைஸ், அதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். முங்க்கோட இந்த வயசுப் படங்கள்ல பல நோட்டுப் புத்தகம் சைஸ்தான், ஏ4 தாள் அளவு, சிலது அதுக்கும் கீழ. அட்டை, தாள், சின்னப் பலகைன்னு கிடைச்சதுல வரைஞ்சிருக்காரு. கேன்வாஸை ஃப்ரேம்ல இழுத்துக் கட்ட காசு வேணும், அட்டைக்கு வேணாம். கலர்ப் பொட்டி மூடிக்குள்ள செருகி, மடில வச்சு, ஒரே உக்காரல்ல முடிச்சுடலாம்.

அட்டை எண்ணெயைக் குடிக்கும். கேன்வாஸ் மேல பூசற மாதிரி கீழ ஒரு அடிப்பூச்சு ஒழுங்கா இல்லைன்னா, பிரஷை வச்ச உடனே எண்ணெய் கீழ இறங்கிடும், கலர் மட்டும் மேல நிக்கும், சுவத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி மினுமினுப்பே இல்லாம. இழுத்து இழுத்துக் குழைக்கவும் முடியாது, வச்சது வச்சதுதான். அதனால ஒவ்வொரு தடவை வைக்கும்போதும் முடிவு பண்ணித்தான் வைக்கணும். வானத்துக்கு ஒரு சாம்பல், புல்லுக்கு ரெண்டு பச்சை, நிழல் விழற இடத்துல பழுப்பு. பழுப்புக்குச் சில சமயம் கலரே வேணாம், அட்டையை அப்படியே விட்டுடலாம்.

இந்த ஒரு பழக்கத்தை மட்டும் குறிச்சு வச்சுக்கங்க. 1893ல வரைஞ்ச "அலறல்", ஓஸ்லோ நேஷனல் மியூசியத்துல இருக்கறது, 91க்கு 73.5 செ.மீ., அதுவும் அட்டை மேலதான். அங்கயும் சில இடத்துல அட்டையோட பழுப்பு வெளிய தெரியும். உலகத்துல இவ்ளோ பேர் பாக்கற படம், நல்ல கேன்வாஸ் கூட இல்ல.

## படத்தோட பேர்ல ஒரு க்ளூ

இதே படங்களுக்கு நெட்ல ரெண்டு மூணு பேர் சுத்துது. "மாரிடாலன்லேர்ந்து"ன்னு ஒரு இடத்துல, "நிலக்காட்சி, ஓஸ்லோ பக்கத்து மாரிடாலன்"னு இன்னொரு இடத்துல. ரெண்டு வேற படம்னு நினைச்சு சண்டை போடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்.

1881ல அந்த ஊர்ல யாரும் ஓஸ்லோ பக்கத்து மாரிடாலன்னு சொல்லியிருக்க மாட்டாங்க. ஊர் பேரு கிறிஸ்டியானியா, ஓஸ்லோன்னு மாத்தினது 1925ல. அதுக்கு முன்னாடி ஓஸ்லோன்னா ஊருக்குக் கிழக்க இருந்த பழைய குடியிருப்புப் பகுதியை மட்டும்தான் குறிக்கும். ஆகவே தலைப்புல ஓஸ்லோன்னு இருந்தா அந்தத் தலைப்பு பின்னால யாரோ வச்சது, லிஸ்ட் போட்ட ஆளோ மியூசியமோ. முங்க்கே தன் படங்களுக்குப் பேரை மாத்தி மாத்திச் சொல்ற ஆளு, சின்ன வயசு ஸ்கெட்ச்சுக்கெல்லாம் பேரு வச்சு உக்காந்திருப்பாருன்னு எதிர்பாக்கறது நம்ம தப்பு. பேரை நம்பாதீங்க, கேட்டலாக் நம்பரைப் பாருங்க. கெர்ட் வோல் தொகுத்த நாலு வால்யூம் கேட்டலாக்ல முங்க்கோட ஒவ்வொரு ஓவியத்துக்கும் ஒரு நம்பர் இருக்கு, வோல் எம் இத்தனைன்னு, ஆதார் நம்பர் மாதிரி.

## அப்புறம் என்ன ஆச்சு, வருஷ வரிசைல

1. 1882: பார்லிமெண்டுக்கு எதிர்ல ஒரு கட்டடத்துல கூட்டாளிங்களோட சேந்து ஸ்டூடியோ வாடகைக்கு எடுக்கறாரு, க்ரோக் வந்து கரெக்‌ஷன் சொல்லிட்டுப் போவாரு. அடுத்த வருஷம் மூடும்ங்கற ஊர்ல தாவ்லோ நடத்தின திறந்தவெளி கேம்ப். தாவ்லோ முங்க்குக்குத் தூரத்துச் சொந்தம் வேற, ஓடற தண்ணியும் பனியும் வரையறதுல கில்லாடி.

2. 1885–86: "நோயுற்ற குழந்தை". செத்துப் போன சோஃபி ஞாபகம். இங்கதான் அந்தப் பழைய பாணி உடையுது. வரைஞ்சாரு, சுரண்டினாரு, திரும்ப வரைஞ்சாரு, கீறி விட்டாரு. எக்சிபிஷன்ல வச்சப்போ பாதி முடிஞ்ச படத்தைக் கொண்டாந்து வச்சிருக்கானேன்னு சிரிச்சாங்க. எண்பதுகள் ஆரம்பத்துல வரைஞ்ச அந்த நிலக்காட்சிகளை வச்சுப் பாத்தாதான் இது எவ்ளோ பெரிய முடிவுன்னு புரியும். கை வராம அப்படி வரையல, வர்ற கையை வச்சுக்கிட்டே வேணும்னு அப்படி வரைஞ்சாரு.

3. 1889: ஓஸ்கோர்ஸ்ட்ரான்ட்ங்கற கடலோரக் கிராமத்துல கோடை. தங்கச்சி இங்கர் வெள்ளை ட்ரெஸ்ல பாறை மேல உக்காந்திருக்கா, பின்னால கடல், அடிவானமே தெரியல. "கடற்கரையில் இங்கர்", "கோடை இரவு"ன்னும் சொல்வாங்க. விமர்சகர்கள் கிழிச்சாங்க, பாறை பாறை மாதிரி இல்லைன்னு. ஆனா வெரன்ஷோல்ட் அதைக் காசு கொடுத்து வாங்கினாரு, ஓவியனுக்கு ஓவியன் தெரியும். இப்போ பெர்கன்ல இருக்கு. என்னைக் கேட்டா முங்க்கோட திருப்பம் இதுதான், "நோயுற்ற குழந்தை"யை விட இது. இன்னும் லேண்ட்ஸ்கேப்தான், ஆனா எத்தனை மணிக்கு வரைஞ்சதுன்னு சொல்ல முடியாது.

4. 1892–93: அலறல். இதைத் தனியா பேசணும்.

## அலறலும் ஒரு நிலக்காட்சிதான்

முங்க் எழுதி வச்சது இருக்கு, 1892 ஜனவரி 22, நீஸ் நகரத்துல. ரெண்டு நண்பர்களோட நடந்து போறேன், சூரியன் மறையுது, வானம் ரத்தச் சிவப்பா மாறுது, நண்பர்கள் போயிட்டே இருக்காங்க, நான் நின்னுட்டேன், இயற்கைக்குள்ள ஒரு பெரிய அலறல் ஓடறதை உணர்ந்தேன்னு. இடம் எகேபர்க் மலைப் பாதை, கிறிஸ்டியானியா ஊருக்கும் ஃபியோர்டுக்கும் மேல. படத்துல பாத்தீங்கன்னா ஃபியோர்ட் இருக்கு, குட்டியா கப்பல் கூட இருக்கு.

படத்துக்கு ஜெர்மன்ல அவர் வச்ச பேரு "இயற்கையின் அலறல்". அலறறது அந்த ஆள் இல்லீங்க. அலறறது நிலம். அந்த ஆள் காதைப் பொத்திக்கறான்.

இப்போ மாரிடாலனைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. அதே ஊர், ஒண்ணு வடக்குப் பள்ளத்தாக்கு, இன்னொண்ணு தென்கிழக்கு மலை. ரெண்டும் நடந்து போய்ப் பாத்த இடம். என்ன மாறுச்சுன்னா, அவரே சொன்ன ஒரு வரி இருக்கு, தமிழுக்குன்னே செஞ்ச மாதிரி: நான் பாக்கறதை வரையல, பாத்ததை வரையறேன்.

மாரிடாலன்ல பாக்கறதை வரைஞ்சாரு. மடில அட்டை, எதிர்ல புல்லு, மேகம் நகர்றதுக்குள்ள முடிக்கணும். எகேபர்க்ல பாத்ததை வரைஞ்சாரு. பாத்தது ஒரு நாள், எழுதினது வேற ஒரு நாள் வேற ஒரு நாட்டுல, 1892ல அதே பாதைல "விரக்தி"ன்னு வேற ஒரு படமா ட்ரை பண்ணி, அப்புறம்தான் 1893 வருது. நடுவுல ஞாபகம் தேவையில்லாததை எல்லாம் அரிச்சு எடுத்துடுச்சு, புல்லோட பச்சை போச்சு, மரம் போச்சு, வளைஞ்ச கோடும் ரெண்டு மூணு கலரும்தான் மிச்சம். ஆனா கரையோட வளைவும் தண்ணியோட இடமும் போகல. முதல்ல கண்ணால மனப்பாடம் பண்ணாம இந்த மாதிரி விட முடியாது, சங்கீதம் தெரிஞ்சவங்க சுவரம் பாடிப் பாடி அப்புறம் ராகம் இழுக்கற மாதிரின்னு வச்சுக்கங்களேன்.

சிவப்பு வீட்டைப் பாத்தாலும் இதே கதை. 1882 தோட்டப் படத்துல வீடு சிவப்பு, ஏன்னா நார்வேல மர வீட்டுக்குக் காவி மண் கலந்த சிவப்பு பெயின்ட் விலை கம்மி, வெள்ளை விலை ஜாஸ்தி. சிவப்புன்னா சிவப்பு பெயின்ட், அவ்ளோதான். 1898–1900ல "சிவப்புக் கொடி"ன்னு ஒரு படம், வீடு முழுக்கச் சிவந்த இலையோட செடிக்கொடி படர்ந்திருக்கு, முன்னால ஒருத்தன் வெளிறின முகத்தோட முழிச்சுக்கிட்டு நிக்கறான். அங்க சிவப்பு பெயின்ட் இல்ல, உள்ள என்ன நடந்துச்சோன்னு வயித்தைக் கலக்கும்.

## சரி, நம்ம கையில வந்தா உண்மையா போலியா

சின்ன சைஸ், அமைதியான காட்சி, பெரிய பேரு. போலிக்கு இதை விட வசதியான கூட்டணி கிடையாது, அதனால பாக்கறவங்க சில விஷயம் தோண்டுவாங்க.

1. கை மாறின வரலாறு. முங்க் தன் படங்களைக் குழந்தைங்கன்னு சொல்வாரு, முடிஞ்ச வரை விக்காம வச்சுக்கிட்டவரு. 1940ல உயில் எழுதி கையில இருந்ததை எல்லாம் ஓஸ்லோ நகராட்சிக்குக் கொடுத்துட்டாரு, 1944 ஜனவரி 23ல இறந்தாரு. ஆயிரத்துக்கும் மேல ஓவியம் அப்படிப் போச்சு. வெளிய இருக்கறது பெரும்பாலும் அவர் காலத்துலயே வித்ததும் கொடுத்ததும், அதுக்கு யார்கிட்டேர்ந்து யாருக்குன்னு ஒரு சங்கிலி இருக்கணும்.

2. வெள்ளைக் கலர். இது கொஞ்சம் சுவாரசியம். 1881ல வெள்ளைன்னா ஈய வெள்ளை, இல்ல துத்தநாக வெள்ளை. டைட்டானியம் வெள்ளை விக்க ஆரம்பிச்சது 1910கள் கடைசிலதான், அதுலயும் நார்வே முன்னணி. அடி அடுக்குல டைட்டானியம் மாட்டினா 1881 தேதி பொய். மேல் அடுக்குல மட்டும்னா பின்னால யாராவது ரிப்பேர் பண்ணியிருக்கலாம், அதை வச்சு முடிவு கட்ட முடியாது.

3. கறையும் அழுக்கும். படம் மோசமா இருக்குன்னு போலின்னு சொல்லிடாதீங்க. பின் வயசுல முங்க் படங்களை வெயில்லயும் மழைலயும் வெளிய போட்டு வைப்பாரு, குதிரை வைத்தியம்னு அதுக்குப் பேரு வேற. அலறல் மேல ஒரு வெள்ளைக் கறை இருக்கு, பறவை எச்சம்னு ரொம்ப வருஷம் கதை ஓடிச்சு, 2016ல டெஸ்ட் பண்ணிப் பாத்தா மெழுகு.

4. கையெழுத்து. இதுல கடைசியாத்தான் போகணும், நம்ம ஆளுங்க இதுலதான் ஆரம்பிக்கறாங்க. கையெழுத்து எவன் வேணா போடலாம்.

காப்பிரைட் பத்தியும் நிறைய பேர் கேக்கறாங்க. இறந்து 70 வருஷம்ங்கற கணக்குல 2014 முடிஞ்சதும் முங்க் படங்களுக்கு ஐரோப்பால காப்பிரைட் போச்சு. அதனாலதான் இப்போ இந்தச் சின்ன வயசு ஸ்கெட்ச் எல்லாம் தலைப்பு மாறி, கலர் ஏத்தி, ஓரம் வெட்டி எல்லா இடத்துலயும் சுத்துது. பச்சை கண்ணைப் பறிக்குதுன்னா அது பெரும்பாலும் எவனோ சாச்சுரேஷனைத் தூக்கினது, மியூசியம் போட்டோவைப் பாத்துக்கங்க.

விலைன்னு வந்தா ரெண்டும் வேற உலகம். அலறலோட பேஸ்டல் வெர்ஷன் (சாக்பீஸ் மாதிரி கலர்க் குச்சில வரைஞ்சது) 2012ல கிட்டத்தட்ட 12 கோடி டாலருக்குப் போச்சு. அந்த ஹெட்லைனைப் படிச்சுட்டு 17 வயசு ஸ்கெட்ச்சுக்கும் அதே கணக்கைப் போடக் கூடாது. ஸ்கெட்ச்சுக்கு விலை வர்றது பேருக்காக, எப்படிக் கத்துக்கிட்டாருங்கற சாட்சிக்காக. படத்தோட வலுவுக்காக மட்டும் அந்த விலையை யாரும் கொடுக்க மாட்டாங்க, இதை ஒத்துக்கறதுல முங்க்குக்குக் கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல.

## கடைசில எங்க போய் நின்னாரு

நிலக்காட்சியை அவர் விடவே இல்ல. 1908ல உடம்பும் மனசும் உடைஞ்சு கோபன்ஹேகன்ல ஒரு க்ளினிக்ல கிடந்து, 1909ல நார்வே திரும்பி க்ரகேரோங்கற கடலோர ஊர்ல செட்டில் ஆனாரு. அங்க மறுபடியும் பாறை, பனி, பைன் மரம், வெளில போய் நின்னு வரையறாரு. யுனிவர்சிட்டி ஹால் சுவத்துக்கு வரைஞ்ச "சூரியன்" அந்த ஊர்க் கடல்ல உதிக்கற சூரியன்தான், அதுல ஒரு ஆள் கூடக் கிடையாது.

நகராட்சிக்குப் போன அந்த ஆயிரம் சொச்சம் படங்கள் 1963லேர்ந்து டோயென் ஏரியாவுல ஒரு மியூசியத்துல இருந்துச்சு, 2021 அக்டோபர்ல பியோர்விகா துறைமுகப் பக்கம் கட்டின புதுக் கட்டடத்துக்கு மாறிடுச்சு. அந்தக் கட்டடத்தை ஒட்டித்தான் ஆக்கர்செல்வா கடல்ல கலக்குது, மாரிடாலன் ஏரில கிளம்பி க்ரூனர்லொக்கா வழியா வர்ற அதே தண்ணி.